தாத்தாவின் காசுப் பெட்டி: ஏலமா, கடையா, கறார் விலையா?

பழைய நாணயங்களை ஆன்லைனில் ஏலம் விட்டால் நல்ல விலை கிடைக்குமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை வாங்கியே தீர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருவர்தான் என்றால் ஏலம் வேண்டாம். ஏலத்தில் விலையை ஏற்றுவது காசின் வயது கிடையாது, விற்பவரின் எதிர்பார்ப்பும் கிடையாது. விட்டுக்கொடுக்காத இரண்டாவது ஆள்தான் ஏற்றுகிறார். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தையொட்டி வேலில் செருகி வைத்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழங்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் போயின. சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்று நம்புகிற பல தம்பதிகள் ஒரே இடத்தில், ஒரே இரவில் கூடியதால் வந்த விலை அது. மறுநாள் காலை உழவர் சந்தையில் அதே பழத்துக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுப் பரணில் கிடைக்கும் காசுப் பெட்டிக்கும் இதே கணக்குதான். அதை விற்க இன்று தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன: உள்ளூர் நாணய வியாபாரி, ஓஎல்எக்ஸ் மாதிரி இடத்தில் விலை போட்டு விற்பது, வாட்ஸ்அப் அல்லது ஃபேஸ்புக் குழு ஏலம், கேட்லாக் போட்டு நடத்தும் ஏல நிறுவனம், வெளிநாட்டு ஆட்களுக்கு இபே என்ற அமெரிக்க விற்பனைத் தளம். முன்பு இன்னொன்றும் இருந்தது. பாஸீ டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-ல் இபே வாங்கி இபே இந்தியா ஆக்கியது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கொல்கத்தா சேகரிப்பாளருக்கு ஏலத்தில் காசு விற்க முடிந்த காலம் அது. 2017-ல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. உள்நாட்டில் யார் வேண்டுமானாலும் பொருளைப் போட்டு ஏலம் விடக்கூடிய பெரிய பொதுத்தளம் அதற்குப் பிறகு நமக்கு அமையவில்லை. வாட்ஸ்அப் குழு ஏலங்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியைப் பிரிக்காமல் வழியைத் தேடாதீர்கள்

எந்த வழி நல்லது என்பதற்குப் பெட்டி முழுமைக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு சந்தை. அதனால் முதல் வேலை பிரிப்பது.

வெள்ளி ரூபாய்களை முதலில் ஒதுக்குங்கள். விக்டோரியா, எட்டாம்... இல்லை, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டவை 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு காசில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், 5.8 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவது அந்தக் காசின் தரை விலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. புலி போட்ட 1947 ரூபாயை இந்தக் குவியலில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும், அது நிக்கல்.

அடுத்து ஓட்டைக் காலணா என்று வீடுகளில் சொல்கிற, நடுவில் ஓட்டை போட்ட 1943–47 பைசா. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில்கூடக் கோத்திருப்பார்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு இது. பழசுதான், அரிது இல்லை. பெட்டியில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பது பெரும்பாலும் இந்த ரகம்தான்.

மூன்றாவது, நின்று பார்க்க வேண்டியவை. 1911-ம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசர் அணிந்த அங்கியின் பதக்க மாலையில் ஒரு யானை உண்டு. அது பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடித்த சுமார் 94 லட்சம் காசுகளில் 7 லட்சம் அளவுக்கு வெளியே போனதோடு நிறுத்தி, மீதியை உருக்கிவிட்டார்கள். சேகரிப்பாளர்கள் மத்தியில் அதற்குப் பெயரே பன்றி ரூபாய். 1939-ம் வருட ரூபாய் அதைவிடப் பல மடங்கு அரிது. அதனாலேயே 1938-ல் உள்ள எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிய போலிகளும் சுற்றுகின்றன. 1939 என்று போட்ட காசு உங்கள் பெட்டியில் இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் வருடத்தின் கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காந்தி நூற்றாண்டுக்காக 1969-ல் வந்த பத்து ரூபாய் வெள்ளிக் காசும் இந்த வரிசையில் வரும். பதினைந்து கிராம், 80 சதவீத வெள்ளி. மிண்டின் (காசு அடிக்கும் சாலை) ஒரிஜினல் பெட்டியோடு இருந்தால் அதற்குத் தனி மதிப்பு.

கடைசியாக, ராமர் பட்டாபிஷேகமும் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818’ என்ற எழுத்தும் கொண்ட செப்புக் காசு. இதற்கு லட்சங்கள் தருவார்கள் என்று ஊருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. திருவிழாக் கடைகளில் விற்ற டோக்கன் ரகம் அது. ரைஸ் புல்லிங் என்று அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று ஏமாற்ற வருகிறவர்கள் கையிலும் இதையே பார்க்கலாம். இதை எந்த ஏலத்திலும் போடாதீர்கள். போட்டால் மற்ற நல்ல காசுகள் மீதும் சந்தேகம் விழும்.

இன்னொரு விஷயம், இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். எதையும் தேய்க்காதீர்கள். விற்கப் போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று குத்துவிளக்குக்குப் போடுகிற புளியை எடுத்து உரசிவிடுகிறார்கள். சிலர் விபூதி, சிலர் பற்பசை. வெள்ளியின் மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்த கருமையும் நீலமும் சேகரிப்பாளருக்குச் சான்றிதழ் மாதிரி. தேய்த்த காசின் மேல் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். அப்புறம் அது எடைக்குத்தான் போகும். சுத்தமான தண்ணீரில் நனைத்து, ஒற்றி எடுத்து உலர விடுவதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வியாபாரி மேசை

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் நாணயச் சங்கங்கள் அவ்வப்போது கண்காட்சி நடத்துகின்றன. அங்கே வியாபாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெட்டியோடு போனால் அன்றே பணம் வாங்கிக்கொண்டு திரும்பலாம். விலை மட்டும் ஐந்து வழிகளிலும் குறைவாக இருக்கும். அதில் அநியாயம் எதுவும் இல்லை. அவர் அதை வாங்கி வைத்துக் காத்திருக்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும், விற்காமல் போனால் அவர் பாடு.

மேசையில் நடக்கும் பேச்சைக் கவனித்துக் கேட்டால் நிறைய தெரிந்துகொள்ளலாம்.

“சார், வெள்ளி எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு போட்டுக்கலாம். இந்தப் பொடிக் காச என்ன பண்ணப் போறீங்க, சும்மா சேர்த்துக் குடுத்துடுங்க.”

“இல்லண்ணே, அது இருக்கட்டும். வெள்ளிக்கு மட்டும் சொல்லுங்க.”

சும்மா சேர்த்துக் கேட்கிற பொருளைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. சில நேரம் அது வெறும் செம்புப் பொடிதான். சில நேரம் பழைய சிற்றரசு ஒன்றின் காசாக இருக்கும். ஒரே மேசையோடு முடிவு செய்யாமல் மூன்று மேசையில் காட்டினால், யார் எந்தக் காசை எடுத்து இரண்டாவது தடவை பார்க்கிறார்கள் என்பதே இலவச மதிப்பீடு.

எடைக்குப் போகும் தேய்ந்த வெள்ளிக்கும், கிலோக்கணக்கில் இருக்கும் சாதாரணச் செம்புக்கும் நிக்கலுக்கும் வியாபாரியை விட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. அவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஏலம் போடுவதற்கு ஆகும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

விலை போட்டு விற்பது

ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ ஒரு விலையைப் போட்டுக் காத்திருப்பது பார்க்க எளிது. விலை எல்லோருக்கும் தெரிந்த பொருளுக்கு இதுதான் சரியான வழியும்கூட. 1940-க்கு முந்தைய சாதாரண வெள்ளி ரூபாயின் நடப்பு விலை யாருக்கும் ரகசியம் இல்லை. அதை ஏலத்தில் வைத்து என்ன புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறோம்? இபேயிலேயே இந்த மாற்றம் நடந்தது. ஆரம்பத்தில் ஏலக்கடையாக இருந்த அந்தத் தளத்தில் இப்போது பெரும்பாலான விற்பனை நிலையான விலையில்தான். லிரான் ஐனாவ் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே பொருளை ஒரே ஆள் இரண்டு முறையிலும் விற்றபோது, ஏலத்தில் விலை குறைவாகவும் விற்றுப்போகும் வாய்ப்பு அதிகமாகவும் இருந்தது. பழைய, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத பொருட்களில்தான் ஏலம் தாக்குப்பிடித்தது.

இந்த வழியில் தொல்லை வேறு இடத்திலிருந்து வரும். பாதிப் பேர் “லாஸ்ட் எவ்ளோ?” என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் காணாமல் போவார்கள். இன்னும் சிலர் பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சம்மதித்து, தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் வருவதற்கு இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், 786 என்று முடியும் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று வருகிற விளம்பரங்களும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம். கொஞ்சம் பேசியதும் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று கேட்க ஆரம்பிப்பார்கள். பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாங்கள் எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டிய அளவுக்கு இது பெருகியது. விற்கிறவர் முன்பணம் கட்டுகிற வியாபாரம் உலகத்தில் கிடையாது.

ஏலம் உள்ளே எப்படி ஓடுகிறது

குழு ஏலத்தையும் ஏல நிறுவனத்தையும் ஒப்பிடுவதற்கு முன், ஆன்லைன் ஏலத்தின் எந்திரத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

ஒரு காசுக்கு 500 ரூபாய் ஆரம்ப விலை வைக்கிறீர்கள். ஒருவர் 3,000 வரை போகத் தயார். இன்னொருவர் 2,200 வரை. ஒவ்வொருவரும் தன் உச்ச விலையைத் தளத்திடம் ரகசியமாகக் கொடுத்துவிட, தளம் அவர்கள் சார்பாக ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போகும். 2,200-ல் ஒருவர் நின்றுவிட, அடுத்த படியான 2,300-ல் ஏலம் முடியும். மூவாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தவர் 2,300 கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த இரண்டாவது ஆள் அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால்? காசு 500-க்குப் போயிருக்கும். அரிய காசு, ஆள் இல்லாத நாள், குறைந்த ஆரம்ப விலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நஷ்டம் நிச்சயம்.

இந்த முறை இணையத்தோடு பிறந்தது இல்லை என்பது சேகரிப்பாளர்களுக்குப் பெருமையான விஷயம். தபால்தலை வியாபாரிகள் அமெரிக்காவில் 1893-லேயே தபால் மூலம் ஏலம் கேட்கச் சொல்லி, அதிகம் கேட்டவருக்கு இரண்டாவது ஆளின் விலையையொட்டி விற்றிருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் கணிதமாக எழுதி, 1996-ல் நோபல் பரிசு பெற்ற யோசனையின் வேர் ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் இருந்தது!

ஏலம் எப்படி முடிகிறது என்பதும் விலையைப் பாதிக்கும். இபேயில் குறித்த நொடியில் மணி அடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசிச் சில நொடி வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அமேசான் 1999-ல் நடத்திப் பார்த்த ஏலத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். பொருளாதார ஆய்வாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கென்ஃபெல்ஸும் இரண்டையும் ஒப்பிட்டபோது, கடைசி நிமிடப் பாய்ச்சல் இபேயில்தான் மிக அதிகம் என்று தெரிந்தது. நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுப்பதும் அமேசான் செய்ததும் ஒரே வேலைதான்: தயங்குகிறவருக்கு இன்னொரு வாய்ப்பு. விற்கிறவருக்கு இதுதான் நல்லது. நேரம் நீளும் விதி உள்ள ஏலத்தை நான் எப்போதும் முன்னால் வைப்பேன்.

ஆரம்ப விலை பற்றி ஓயாத சண்டை உண்டு. ஒரு ரூபாயில் ஆரம்பியுங்கள், கூட்டம் சேரும் என்பார்கள் சிலர். கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அது பலிக்கும். அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசுகளை இபேயில் விற்ற விலைகளை வைத்து டேவிட் லக்கிங்–ரைலியும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆரம்ப விலையோ ரிசர்வ் விலையோ (இதற்குக் கீழே விற்பதில்லை என்று விற்பவர் குறித்து வைக்கும் விலை) வைத்தபோது முடிவு விலை கூடியது, நாள் நீண்ட ஏலங்களில் விலை கூடியது, விற்பவரைப் பற்றிய நல்ல விமர்சனங்கள் தந்த லாபத்தை விடக் கெட்ட விமர்சனங்கள் தந்த அடி பெரிது என்று கண்டார்கள். வெள்ளிக் காசுக்கு என் யோசனை எளியது: தரை விலையிலிருந்து ஆரம்பியுங்கள். கேட்பவருக்கும் அது மலிவாகத் தெரியும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

குழு ஏலமா, ஏல நிறுவனமா

குழு ஏலத்தில் கமிஷன் கிடையாது அல்லது சொற்பம். இரவு எட்டு மணிக்குப் படம் போட்டு, பத்து மணிக்கு முடிப்பதாக அறிவித்து, கடைசியாக ஒருவர் விலை கேட்ட பிறகு ஐந்து நிமிடம் யாரும் பேசாவிட்டால் ‘சோல்டு’ என்று போட்டுவிடுவார்கள். மறுநாள் ஜிபேயில் பணம், அடுத்த நாள் ஸ்பீட் போஸ்ட். வேகத்தில் இதை அடிக்க ஆள் இல்லை.

குறை என்னவென்றால், குழுவில் இருப்பவர்களில் பலர் வியாபாரிகளே. மேசையில் கொடுக்கும் விலையை விடக் கொஞ்சம் அதிகம் கொடுப்பார்கள், சேகரிப்பாளரின் உச்ச விலை வரை போக மாட்டார்கள். அதோடு உங்களை அங்கே யாருக்கும் தெரியாது. பழைய அஞ்சலட்டைகளை வைத்து பால் ரெஸ்னிக் முதலானோர் இபேயில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே விற்பனையாளர், ஒரே மாதிரி சரக்கு. ஒரு பாதியைத் தன் பழைய பெயரிலும் மறு பாதியைப் புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வாங்குபவர்கள் தயாராக இருந்தார்கள். இபேயில் குறைந்தபட்சம் விமர்சனப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அதுவும் இல்லை, அட்மின் சொல்வதுதான் சான்று. ஆகவே புதிதாக நுழைந்து முதல் நாளே நல்ல காசைப் போடாதீர்கள். குழுவில் பெயர் எடுத்த ஒருவரிடம் கொடுத்து, அவர் பெயரில் விற்கச் சொல்லி, ஒரு பங்கு கொடுப்பது பல நேரம் லாபம்.

ஏல நிறுவனம் என்றால் மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தில் கிளாசிகல் நியூமிஸ்மாட்டிக் கேலரி போன்றவை. கேட்லாக் அச்சிட்டு, இணையத்திலும் கேட்க வழி செய்து நடத்துவார்கள். அங்கே வருகிறவர்களுக்குத் தாங்கள் தேடுவது என்ன என்று தெரியும். விட்டுக்கொடுக்காத இரண்டாவது ஆள் கிடைக்க இந்தியாவில் இதைவிட நல்ல இடம் இல்லை. விலையும் அதற்கேற்ப வரும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சாதாரணக் காசுகளை அவர்கள் தொடவே மாட்டார்கள்.

கமிஷன் கணக்கு இங்கே கொஞ்சம் ஏமாற்றும். வாங்குபவரிடம் தனிக் கட்டணம் வாங்குவதால் விற்பவருக்குச் செலவு குறைவு என்று தோன்றும். வாங்குபவர் முட்டாள் இல்லையே! அவர் கையிலிருந்து மொத்தம் 12,000 தான் போக வேண்டும் என்று முடிவு செய்தவர், இருபது சதவீதக் கட்டணத்தைக் கழித்து 10,000 வரைதான் கேட்பார். அந்தப் பத்தாயிரத்திலிருந்து உங்களிடம் பத்து சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 9,000. சேகரிப்பாளர் கொடுத்தது பன்னிரண்டு, உங்களுக்கு வந்தது ஒன்பது. இது மோசம் என்று நான் சொல்லவில்லை. குழுவில் அதே காசு 6,500-ல் நின்றிருக்கும் என்றால் ஒன்பதாயிரம் நல்ல விலைதான். வியாபாரி சொன்ன 5,000-த்தையும் கேட்லாக்கில் போட்டிருக்கும் 10,000-த்தையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது, அவ்வளவுதான். (இந்த எண்கள் எல்லாம் கணக்குக்காகச் சொன்னவை. சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பேசிக் குறைக்கவும் முடியும்.)

கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில: ரிசர்வ் விலை எவ்வளவு, அதற்குக் கீழே போனால் விற்பார்களா, விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன, உங்கள் பணம் எத்தனை நாளில் வரும், அதுவரை காசுக்கு இன்சூரன்ஸ் யார் பொறுப்பு. இந்த நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகள் இணையத்தில் கிடைக்கும். உங்கள் காசு போலவே, அதே வருடம், அதே மிண்ட், ஏறத்தாழ அதே தேய்மானம் உள்ளது கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். விளம்பரத்தில் கேட்கிற விலை செய்தி இல்லை. விற்ற விலைதான் செய்தி.

இபே, அதற்கு முன்னால் சட்டம்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் டாலரில் கொடுப்பார் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 1972-ம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேல் பழைய நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. விக்டோரியா, எட்வர்ட் காசுகள் அத்தனையும், பன்றி ரூபாயும் இதோடு கழிந்துவிடும். சோழர் காசு, நாயக்கர் காசு பற்றிக் கேட்கவே வேண்டாம். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் உள்நாட்டில்கூட விற்க முடியாது. 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

மிஞ்சுவது ஐந்தாம் ஜார்ஜின் கடைசி வருடக் காசுகளும் ஆறாம் ஜார்ஜ் காசுகளும் சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்களும்தான். அவற்றுக்கும் இபே கமிஷன் பிடிக்கும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பிடிக்கும், பணத்தை ரூபாயாக மாற்றுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் போகும். நாணயத்தையும் வெள்ளியையும் தபாலில் அனுப்பச் சர்வதேச அஞ்சல் விதிகளில் தனிக் கட்டுப்பாடு வேறு. ஒரே ஒரு பெட்டியை விற்க வந்தவருக்கு இத்தனை அல்லல் தேவையில்லை. வருடம் முழுக்க ஏற்றுமதி செய்கிறவருக்கு அது சரி.

படமும் நாலு வரியும்

எந்த வழியில் ஏலம் போட்டாலும் கடைசியில் ஒருவர் பார்ப்பது உங்கள் படத்தைத்தான். ஃபிளாஷ் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம், வெயில் நேரடியாக விழாத இடத்தில், வெள்ளைத் தாளில் காசை வையுங்கள். ஒரு பக்கம், மறு பக்கம், ஓரத்துப் பற்கள், பிறகு சற்றே சாய்த்து ஒளி வழுக்கி ஓடுகிற மாதிரி ஒரு படம். அந்தச் சாய்ந்த படத்தில்தான் கீறல் தெரியும், தேய்த்தது தெரியும், அதனாலேயே அனுபவசாலிகள் அதைக் கேட்டு வாங்குவார்கள். கேட்பதற்கு முன் நீங்களே போட்டுவிட்டால் இந்த ஆளுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று புரிந்துகொள்வார்கள். தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி இன்னொன்று. 11.66-க்குப் பக்கத்தில் வராமல் பத்தரை காட்டினால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

விவரத்தில் ‘மிக அரிய’, ‘அபூர்வமான’ என்ற சொற்கள் எதையும் சேர்க்காதீர்கள். வருடம், மிண்ட், எடை, குறை இருந்தால் குறை. “ஓரத்தில் கொக்கி பற்றவைத்த தடம் உண்டு” என்று எழுதுங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் வெள்ளி ரூபாயைச் சங்கிலியில் கோத்துப் போட்டிருப்பார்கள், அந்தத் தடம் இல்லாத காசு கிடைப்பதே பெரிது. மறைத்து விற்றால் பார்சல் திரும்பி வரும், அதற்கு முன்பே குழுவில் பெயர் கெட்டுப்போகும்.

ஆக, ஒரு சராசரிப் பெட்டியை என்னிடம் கொடுத்தால் இப்படித்தான் பிரிப்பேன். தேய்ந்த வெள்ளியும் பொடிக் காசும் கண்காட்சியில் மூன்று மேசை கேட்டு வியாபாரியிடம். நல்ல நிலையில் உள்ள சாதாரண வெள்ளி ரூபாய்கள் விலை போட்டு, ஐந்து பத்தாகக் கட்டி. காந்தி பத்து ரூபாய், 1911 போன்ற நடுத்தர ரகம் குழு ஏலத்தில், பெயருள்ள ஒருவர் மூலம், தரை விலையிலிருந்து. உண்மையான 1939 ஒன்று இருந்தால், அல்லது யாராலும் உடனே அடையாளம் சொல்ல முடியாத சிற்றரசுக் காசு இருந்தால், அது மட்டும் ஏல நிறுவனத்துக்கு, ரிசர்வோடு. அதில் விற்காமல் திரும்பி வந்தால் அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கேட்லாக்கைப் பார்த்தவர்கள்தான் குழுவிலும் இருப்பார்கள், விற்காத காசு என்று அடையாளம் வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். ஒரு வருடமாவது உள்ளே வைத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் ஏலத்துக்கு அனுப்புங்கள்.